ஆக்சிஜன் சென்சாரை மாற்றியும் விளக்கு எரிகிறது: ஈசிஎம் போய்விட்டதா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2021இல் வாங்கிய 1.5 லிட்டர் பெட்ரோல் கார், 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாசி மாதம் 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, இன்ஜின் வேகம் ஏறி இறங்குகிறது. ஏசி போட்டால் சில சமயம் அணைந்தே போகிறது. மைலேஜில் வித்தியாசம் இல்லை. பட்டறையில் ஸ்கேனர் போட்டு, பி0171 என்று வருகிறது என்று சொல்லி ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். 9,500 ரூபாய் ஆனது. அணைந்த விளக்கு நான்காம் நாள் மறுபடி எரிந்தது. பங்குனியில் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்துகொண்டது. 'ரெண்டு லைட்டும் எரியுதுன்னா கம்ப்யூட்டரே போச்சும்மா, ஈசிஎம் மாத்தணும், 45,000 ஆகும்' என்கிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என் மகன் ஒரு புளூடூத் கருவி வாங்கி, வண்டியை நிறுத்தி வைத்து, இன்ஜின் சூடானபின் எடுத்த எண்கள் இவை. ஐடிலிங், 750 ஆர்பிஎம்: எம்ஏஎஃப் காற்று செகண்டுக்கு 1.9 கிராம், எல்டிஎஃப்டி +22, எஸ்டிஎஃப்டி +4. நியூட்ரலில் 2,500 ஆர்பிஎம்: காற்று 6.8 கிராம், எல்டிஎஃப்டி +6, எஸ்டிஎஃப்டி +1. கார் நிற்பது கொல்லையில், வைக்கோல் போரை ஒட்டிய கொட்டகையில். ஈசிஎம்மை மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். உங்கள் மகன் எடுத்து அனுப்பிய எண்களைப் பார்த்தால் ஈசிஎம் என்ற அந்த இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது. பழுது பெரும்பாலும் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் ஏதோ ஒரு ரப்பர் ஹோஸில் இருக்கும். எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பட்டறையில் என்ன பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

ஈசிஎம் ஒரு கணக்குப்பிள்ளை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பல்லை விட்டு 58 மட்டும் வெட்டியிருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்த இரண்டு பல் இடைவெளி கடந்து போகும்போது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். 750 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 80 மில்லி செகண்ட்தான். அந்த நேரத்துக்குள் உள்ளே போகும் காற்றை அளந்து, எந்த சிலிண்டருக்கு முறையோ அதன் இன்ஜெக்டரை இரண்டு மூன்று மில்லி செகண்ட் திறந்து மூடி, காயிலில் கரண்ட் ஏற்றி, சரியான டிகிரியில் ஸ்பார்க் விட வேண்டும். அடுத்த சுற்றுக்கு மறுபடி முதலிலிருந்து.

எத்தனால் கலக்காத பெட்ரோல் என்றால் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல். இந்த அளவில் எரிந்தால்தான் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் புகையைச் சுத்தம் செய்யும். காற்றை அளப்பது ஏர் ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் எம்ஏஎஃப் சென்சார். அளந்த காற்றுக்கு ஏற்பப் பெட்டி பெட்ரோலை விடுகிறது. விட்டது சரியா என்று எரிந்தபின் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்வது ஆக்சிஜன் சென்சார். உப்பைப் போடுவது ஒருவர், ருசி பார்ப்பது இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டறையில், உப்பு குறைவு என்று சொன்னவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு 9,500 ரூபாய்க்கு வேறு ஒருவரை ருசி பார்க்க உட்காரவைத்திருக்கிறார்கள். அவரும் அதையேதான் சொல்கிறார்.

பி0171 என்ற கோடுக்கு, அதாவது ஸ்கேனரில் வரும் பழுதுக் குறியீட்டுக்கு, அர்த்தம் 'கலவையில் பெட்ரோல் குறைவு, எவ்வளவு கூட்டியும் போதவில்லை' என்பது மட்டும்தான். எந்தப் பொருள் கெட்டது என்று அதில் எழுதியிருக்காது. எந்தக் கோடும் அப்படித்தான், பெட்டி பார்த்ததை மட்டும் சொல்லும். பி0113 வந்தால் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரிலிருந்து வோல்டேஜ் அதிகமாக வருகிறது என்று பொருள். சென்சார் நன்றாக இருந்து அதன் ஒயரை எலி கடித்திருந்தாலும் அதே கோடுதான் வரும்.

இனி உங்கள் எண்கள். எஸ்டிஎஃப்டி என்பது பெட்டி அந்தக் கணத்தில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். அது தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வை நிரந்தரக் கணக்காக எல்டிஎஃப்டியில் எழுதிவைத்துக்கொள்ளும். ஐடிலிங்குக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என்று பல வண்டிகள் இதைத் தனித்தனியாக வைத்திருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பிளஸ்ஸோ மைனஸோ 10க்குள் இருந்தால் கவலையில்லை. 20, 25ஐத் தாண்டி நின்றால் விளக்கு எரியும். உங்களுக்கு ஐடிலிங்கில் +26, 2,500இல் +7.

ஐடிலிங்கில் அளவைக்கு வந்த காற்று 1.9 கிராம், கூட்டியது 26 சதவீதம். 1.9இல் 26 சதவீதம் ஏறக்குறைய 0.5 கிராம். 2,500இல் அளவைக்கு வந்தது 6.8 கிராம், கூட்டியது 7 சதவீதம். அதுவும் ஏறக்குறைய 0.5 கிராம். இரண்டு இடத்திலும் அதே அரை கிராம். அதாவது எம்ஏஎஃப் சென்சாரைத் தாண்டிய பிறகு ஏதோ ஒரு ஓட்டை வழியாகச் செகண்டுக்கு அரை கிராம் காற்று கணக்கில் ஏறாமல் உள்ளே போகிறது. பாசனத் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரான லஸ்கர் மதகில் அளந்து விட்ட தண்ணீர் போக, நண்டு வளை வழியாகப் பக்கத்து வாய்க்கால் தண்ணீரும் வயலுக்குள் வந்தால் அவர் கணக்கு என்ன ஆகும்? மதகைக் கொஞ்சமாகத் திறந்திருக்கும் நாளில் அந்த நண்டு வளைத் தண்ணீர் பெரிதாகத் தெரியும், முழுக்கத் திறந்த நாளில் தெரியவே தெரியாது. உங்கள் வண்டியில் 26 சதவீதம் 7 ஆனது இதனால்தான். நியூட்ரலில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலும் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் இழுப்பு ஏறக்குறைய ஐடிலிங்கில் இருந்ததுபோலவே இருக்கும், அதனால் ஓட்டையில் போகும் காற்றும் கூடுவதில்லை.

வேறு காரணமாக இருந்தால் எண்கள் வேறு மாதிரி வந்திருக்கும். பெட்ரோல் பம்ப் பலவீனமாகியோ ஃபில்டர் அடைத்தோ இருந்தால் ஐடிலிங்கில் சரியாக இருக்கும், பாலம் ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் பிளஸ் ஏறும். எம்ஏஎஃப் சென்சாரில் தூசி படிந்தாலும் காற்று கூடக் கூடப் பொய் கூடும். அறுவடை நேரத்தில் மிஷின் ஓடும் வயல் ஓரமாகத் தினம் போகும் வண்டிகளுக்கு இது வரும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், உமியும் சுணையும் அப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஆக்சிஜன் சென்சார்தான் பொய் சொன்னது என்று வைத்துக்கொண்டால், உண்மையில் பெட்ரோல் போதுமான அளவுக்கு இருந்தும் பெட்டி அதன் பேச்சைக் கேட்டு 26 சதவீதம் கூடுதலாக விட்டிருக்கும். மைலேஜ் சரிந்திருக்கும், பிளக் கரிபிடித்திருக்கும், பின்னால் நின்றால் பச்சைப் பெட்ரோல் வாடை அடித்திருக்கும். 'மைலேஜில் வித்தியாசம் இல்லை' என்று நீங்கள் எழுதிய ஒரு வரி பழைய சென்சாரைக் காப்பாற்றிவிட்டது. கழற்றிய அந்தச் சென்சாரைப் பட்டறையில் கேட்டு வாங்கி வையுங்கள். அது நல்ல சென்சாராகத்தான் இருக்கும்.

சந்தேகம் ஒன்று மிச்சம் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை வெளியே வரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஜாயின்டில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று புகையோடு கலந்து சென்சாரை ஏமாற்றும். அதுவும் ஐடிலிங்கில்தான் மோசமாகத் தெரியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக்' சத்தம் வந்து இன்ஜின் சூடானதும் குறைகிறதா, ஜாயின்டில் கருப்புக் கரிக்கோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதிலும் மைலேஜ் குறைய வேண்டும் என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை குறைவு.

அப்படியானால் மூன்று நாள் விளக்கு எப்படி அணைந்திருந்தது? பலரும் ஏமாறும் இடம் இதுதான். புதுச் சென்சாரைப் போட்டதும் ஸ்கேனரில் கோடை அழித்திருப்பார்கள். அழித்தால் கோடு மட்டும் போகாது, எல்டிஎஃப்டியில் எழுதிவைத்த பழைய கணக்கும் பூஜ்யத்துக்குப் போய்விடும். பெட்டி மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று +22க்கு ஏற வேண்டும். ஏறி வரம்பைத் தொட்டாலும் முதல் ஓட்டத்தில் 'நிலுவை' என்று குறித்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் அதே குறை இருந்தால்தான் விளக்கைப் போடும். அதற்கு எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். எதையுமே மாற்றாமல் கோடை மட்டும் அழித்திருந்தாலும் உங்கள் விளக்கு இதே நான்காம் நாள் எரிந்திருக்கும்.

கோடு விழுந்த நொடியில் வண்டி என்ன வேகம், எத்தனை ஆர்பிஎம், கூலன்ட் எத்தனை டிகிரி, லோடு எவ்வளவு என்று பெட்டி ஒரு படம்போலப் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். அதுவும் அழித்தால் போய்விடும். ஆகவே இனி யார் கோடை அழிப்பதானாலும் அந்தத் திரையை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி ஓட்டையைத் தேடுவது. மாசியில் விளக்கு எரிந்தது, வைக்கோல் போர் ஓரம் கார் நிற்கிறது என்ற இரண்டையும் சேர்த்தால் என் முதல் சந்தேகம் எலிமேல். சம்பா அறுத்து வயல் வெறிச்சோடியதும் வயல் எலி கொல்லைக்கு வரும். இரவில் பானெட்டுக்குள் கதகதப்பு இருக்கும், வைக்கோல் கொண்டுபோய்க் கூடு கட்ட இடமும் இருக்கும். ஒயரைக் கடித்தால் உடனே தெரிந்துவிடும். மெல்லிய ரப்பர் ஹோஸில் பட்டாணி அளவு கடித்துவைத்தால் இப்படி மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

இன்ஜின் அணைந்து ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, போன் டார்ச்சோடு இந்த இடங்களைத் தொட்டுத் தடவிப் பாருங்கள். ஹோஸின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் சொல்லும். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, ஆக்சிலேட்டருக்கு ஏற்பக் காற்றை விடும் த்ராட்டில் பாடிக்குப் போகும் பெரிய ரப்பர் குழாய்: அதன் மடிப்புகளுக்குள் கீறல் இருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வால்வ் கவரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ்: ஆயில் ஆவி பட்டு ரப்பர் ஊறிப்போய் முனையில் வாய் பிளந்திருக்கும். பெட்ரோல் டேங்க் ஆவியைக் கொண்டுவரும் பர்ஜ் வால்வ், அதன் மெல்லிய ஹோஸ். பிரேக் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ். ஆயில் ஊற்றும் மூடியும் டிப் ஸ்டிக்கும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். சர்வீசுக்குப் பின் டிப் ஸ்டிக்கை அரைகுறையாகச் செருகிவிடுவதால்கூட சில வண்டிகளில் பி0171 வரும்.

கண்ணுக்கும் கைக்கும் அகப்படாவிட்டால் அடுத்தது நெருக்கிப் பார்க்கும் சோதனை. இன்ஜினைச் சூடாக்கி ஐடிலிங்கில் விடுங்கள், ஏசி வேண்டாம். மகன் போனில் எஸ்டிஎஃப்டியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மூக்குக் குறடின் வாயில் துணி சுற்றி, பர்ஜ் ஹோஸை மேனிஃபோல்ட் பக்கம் பத்து செகண்ட் நெருக்குங்கள். அந்த வழியில்தான் ஓட்டை என்றால் எஸ்டிஎஃப்டி +4இலிருந்து சரசரவென்று இறங்கி மைனஸ் பத்தைத் தாண்டும். எல்டிஎஃப்டி இன்னும் 22 சதவீதம் கூட்டிக்கொண்டே இருப்பதால், ஓட்டையை அடைத்த மறுகணம் பெட்ரோல் மிதமிஞ்சிவிடும். அதைக் குறைக்கத்தான் இந்த இறக்கம். அசைவே இல்லையென்றால் அடுத்தது பிசிவி ஹோஸ், பிறகு பூஸ்டர் ஹோஸ். சரியாக இருக்கும் வண்டியில் இந்த மூன்றில் எதை நெருக்கினாலும் பெரிய மாற்றம் வராது. ரப்பர் ஹோஸை மட்டும் நெருக்குங்கள், கெட்டியான நைலான் குழாயை நெருக்கினால் ஒடிந்துவிடும். ஓடும் இன்ஜினில் முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்றும்.

ஓட்டை மேனிஃபோல்டின் கேஸ்கெட்டிலேயே இருந்தால் நெருக்குவதில் தெரியாது. சில மெக்கானிக்குகள் கார்ப் கிளீனரைப் பீய்ச்சி ஆர்பிஎம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அது எரியும் திரவம். சூடான எக்ஸாஸ்டுக்கு அரை அடி தள்ளி அதை அடிப்பதை நான் சொல்லமாட்டேன். பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் வைத்து ஜாயின்ட் ஓரமாக, காயிலிலும் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களிலும் படாமல் தெளித்தாலே விரிசலைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும்போது இன்ஜின் சத்தம் மாறும். எல்லாவற்றையும்விட நல்லது ஸ்மோக் டெஸ்ட். இன்ஜினை அணைத்துவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை இன்டேக்கில் ஏற்றினால் ஓட்டை இருக்கும் இடத்தில் அது ஊதுபத்திப் புகைபோல எழும். திருவாரூர், தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் விசாரித்து, அந்த மிஷின் இருக்கும் பட்டறையாகப் பார்த்துப் போங்கள்.

பிசிவி, பர்ஜ் ஹோஸ்களுக்குப் பெட்ரோல் ஆவியும் ஆயிலும் தாங்கும் ஹோஸே வேண்டும், கம்பெனி ஹோஸாகவே வாங்கிவிடுவது நல்லது. தண்ணீர் டியூபை வெட்டி மாட்டினால் சில வாரத்தில் ஊதிப்போகும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை இளகி நழுவிவிடும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த அரை கிராம் கணக்கு எம்ஏஎஃப் உள்ள வண்டிக்குத்தான் பொருந்தும். எம்ஏஎஃப் இல்லாமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டிகளில், ஓட்டை வழியாக வந்த காற்றும் அழுத்தத்தைக் கூட்டிவிடுவதால் பெட்டி அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விட்டுவிடும். டிரிம், அதாவது எஸ்டிஎஃப்டி, எல்டிஎஃப்டி எண்கள், பெரிதாக ஏறாது, ஐடிலிங் ஆர்பிஎம்தான் ஏறி நிற்கும். அந்த வண்டிகளில் பி0171 வந்தால் பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டர் அடைப்பு, மேப் சென்சார் என்ற வரிசையில் தேடுங்கள். மேப் சென்சாரைச் சோதிப்பதில் டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி: நம் ஊர்கள் கடல் மட்டத்தை ஒட்டியவை. சாவியைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும், சூடான ஐடிலிங்கில் 30, 40க்குள் இறங்க வேண்டும். 100க்கு எட்டாமல் 85, 90 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது.

எத்தனால் விஷயத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதற்குமேல் இல்லை. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். 10 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு விகிதம் 14.1ஐ ஒட்டி வரும், 20 சதவீதம் கலந்ததற்கு 13.5ஐ ஒட்டி. வித்தியாசம் 4 சதவீதம்தான். 10 சதவீதத்துக்குக் கணக்குப் போட்ட வண்டியில் 20 ஊற்றினால் டிரிம் நாலைந்து ஏறும், அதுவும் ஐடிலிங், ஓட்டம் இரண்டிலும் ஒரே மாதிரி. ஐடிலிங்கில் மட்டும் 26 வர அது காரணமாக முடியாது.

ஈசிஎம்முக்கு வருவோம். அது கெடவே கெடாது என்று சொல்லவில்லை. வெள்ளத்தில் முங்கிய வண்டியில் கெடும், பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றிப் பூட்டினால் கெடும், கப்ளரைக் கழற்றாமல் வெல்டிங் அடித்தாலும் கெடலாம். கெட்டது என்று சொல்வதற்கு முன்னால் நான்கு அளவு பார்த்திருக்க வேண்டும். பேட்டரி: நின்றபடி 12.6 வோல்ட், ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. ஈசிஎம்மின் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே, இன்ஜின் ஓடும்போது 0.1 வோல்டுக்குமேல் வரக் கூடாது. சாவி போட்டதும் ஈசிஎம்முக்குப் பேட்டரி வோல்டேஜ் வந்து சேர வேண்டும். சென்சார்களுக்கு அது கொடுக்கும் வோல்டேஜ் 4.9 முதல் 5.1க்குள் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்ன 5 வோல்டில்தான் பல நல்ல பெட்டிகள் குப்பைக்குப் போகின்றன. ஒரே 5 வோல்ட் லைனை நாலைந்து சென்சார்கள் பங்கிட்டுக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கப்ளருக்குள் தண்ணீர் இறங்கிப் பின்களில் பச்சை பூத்தால், அந்த ஒரு சென்சார் முழு லைனையும் கீழே இழுத்துவிடும். ஸ்கேனரில் ஒரே நேரத்தில் ஐந்தாறு கோடு விழும், 'கம்ப்யூட்டர் அவுட்' என்று தீர்ப்பாகிவிடும். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அதுதான் குற்றவாளி. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இது அதிகம். பச்சையைப் பிளேடால் சுரண்டக் கூடாது, மேல்பூச்சு போய் இன்னும் வேகமாக அரிக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து, ரப்பர் சீலில் மெல்லிசாக சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். ஒயரின் மேல் ஊசி குத்தி டெஸ்ட் லைட் வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. அந்த ஊசி ஓட்டை வழியாக ஈரம் இறங்கி அடுத்த வருடம் செம்பு பொடிந்துபோகும்.

உங்கள் வண்டியில் ஸ்கேனரோடு ஈசிஎம் பேசுகிறது, சென்சார் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, குறையைச் சரிக்கட்டக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. செத்த பெட்டி இதைச் செய்யாது. போதாக்குறைக்கு, புதுப் பெட்டி வாங்கினால் மாட்டினால் மட்டும் போதாது, சாவியின் இம்மொபிலைசரோடு, அதாவது திருட்டுத் தடுப்போடு, அதை இணைத்துப் புரோகிராம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. அந்தச் செலவையும் செய்தபின் அதே ஹோஸ் அதே அரை கிராமை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

ஏபிஎஸ் விளக்கு வேறு கதை. ஏபிஎஸ்ஸுக்குத் தனிப் பெட்டி உண்டு. கேன் என்ற இரண்டு முறுக்கு ஒயர் வழியாக இரண்டு பெட்டிகளும் பேசிக்கொள்ளும், அவ்வளவுதான் உறவு. பங்குனியில் எரிந்தது என்கிறீர்கள். அந்தச் சமயம் ரோட்டில் உளுந்துச் செடியும் பயறும் பரப்பியிருப்பார்கள், அதன் மேல் போகாமல் யாரும் ஊர் போய்ச் சேர முடியாது. காய்ந்த கொடி சக்கரத்தின் உள்பக்கம், ஆக்ஸிலில் கயிறுபோலச் சுற்றிக்கொண்டு, வீல் ஸ்பீடு சென்சாரின் ஒயரை இழுத்து அறுத்துவிடும். நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். அறுந்திருந்தால் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, பழைய கிளிப்பிலேயே ஒயரைப் பிடித்துவைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றினால் முதல் மழை வரைதான். உங்கள் மகனின் கருவி பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும், எந்தச் சக்கரம் என்று சொல்ல ஏபிஎஸ்ஸைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், வழுக்கும்போது லாக் ஆகாமல் காக்கும் வேலை மட்டும் நடக்காது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, பிரேக் பெடல் கல்லுபோல இறுகினாலோ வண்டியை எடுக்காதீர்கள். பெடல் இறுகினால் நாம் தேடும் ஓட்டை பூஸ்டர் ஹோஸிலேயே இருக்கலாம்.

உளுந்துச் செடிமேலோ வைக்கோல்மேலோ ஓட்டிவிட்டு வந்தால் நிறுத்துவதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும், ஒட்டிய வைக்கோல் பற்றிக்கொள்ளும். அப்படியே கொண்டுபோய் வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்துவது எலிக்காக மட்டும் தவிர்க்க வேண்டியதல்ல.

எலிக்குப் புகையிலைக் காம்பு கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. நாலு நாள் வேலை செய்யும், காரம் போனதும் எலி அதன்மேலேயே உட்காரும். விஷம் வைத்தால் அது ஏசி புளோயருக்குள் போய்ச் செத்துக் கிடக்கும். காரைப் போரிலிருந்து தள்ளி வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, மூன்று நாளுக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து வைக்கோல் துணுக்கு, புழுக்கை இருக்கிறதா என்று பார்ப்பதே மேல். ஓரிரு நாள் ஓட்டாமல் விடுவதானால் பானெட்டைத் திறந்தே வைத்துவிடலாம், இருட்டில்லாத இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும்.

அதுவரை வண்டியை ஓட்டலாமா என்றால், 'செக் இன்ஜின்' விளக்கு கண்சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் பள்ளிக்குப் போய்வரலாம். மேலே சொன்ன பிரேக் அறிகுறிகள் தவிர இன்னொரு நிலைமைக்கும் கவனம்: அதே விளக்கு கண்சிமிட்டுவதுபோல விட்டுவிட்டு எரிந்தால் ஏதோ சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். உடனே வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள். கன்வெர்ட்டர் போனால் செலவு உங்களை மிரட்டிய 45,000ஐ எட்டிப் பார்க்கும்.

புளூடூத் கருவியை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின்னுக்குச் சாவி போடாதபோதும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும். கோடை விடுமுறையில் வண்டி நின்றால் பேட்டரி இறங்கிவிடும்.

ஹோஸை மாற்றிய பிறகு கோடை அழிக்கச் சொல்லி, அன்றைக்கே பழையபடி இன்ஜினைச் சூடாக்கி எண்களை எடுங்கள். ஐடிலிங்கில் காற்று 2.4 கிராம் பக்கம் ஏறியிருக்க வேண்டும், இரண்டு டிரிமும் கூட்டினால் பிளஸ் மைனஸ் 5, மிஞ்சிப்போனால் 10க்குள் நிற்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி எடுங்கள், எல்டிஎஃப்டி அதற்குள் புதுக் கணக்கை எழுதி முடித்திருக்கும். அப்போதும் ஐடிலிங்கில் +15க்குமேல் நின்றால் முதல் ஓட்டைக்குப் பின்னால் இரண்டாவது ஒன்று இருக்கிறது. ஸ்மோக் டெஸ்டை மறுபடி செய்யச் சொல்லுங்கள், இந்த முறை மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.